கடலில் இறங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையம்

(நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் சிவில் துறை சார்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தரப்பட்டது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஏதாவது ஒரு பெரிய கட்டுமானத்தைப் பத்திப் பேசு. ஆனா குடும்பத்தோட வர்றாங்க, ஃபார்முலா போட்டுக் கொன்னுடாதே" என்று கட்டளையிட்டார். அதனால் ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அதுவும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

நான் பதினோரு வருடங்களாகத் துறைமுகங்களிலும் கடலோரத் தொழிற்சாலைகளிலும் களிமண்ணோடு மாரடிக்கிறவன். என் தொழிலில் இருப்பவர்கள் பயபக்தியோடு பேசுகிற இடம் ஒன்று உண்டென்றால் அது ஜப்பானில் ஒசாகா வளைகுடாவில், கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவே இருக்கிற கன்சாய் சர்வதேச விமான நிலையம். அதன் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கடலுக்கு ஏன் போனார்கள்?

நியாயமான கேள்வி. கையில் காசு இருக்கிறது, கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களைக் கடலுக்குத் துரத்தியது சத்தம்.

ஒசாகாவுக்கு ஏற்கெனவே இடாமி என்ற விமான நிலையம் இருந்தது. இன்றும் இருக்கிறது. ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. 1964-ல் அங்கே ஜெட் விமானங்கள் வர ஆரம்பித்தன. கூரைக்கு மேல் ஜெட் போனால் என்ன ஆகும்? தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்து மக்கள் 1969-ல் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1981 டிசம்பரில் முடிந்தது. பட்ட கஷ்டத்துக்கு நஷ்டஈடு கொடு என்றது நீதிமன்றம். இரவு விமானங்களைத் தடை செய்யும் கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. ஆனால் நடைமுறையில் இடாமி இன்றும் காலை 7 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடப்படுகிறது.

இதே காலத்தில் டோக்கியோ பக்கத்தில் இன்னொரு பாடம் நடந்தது. 1966-ல் நரிடா என்ற இடத்தில் புது விமான நிலையம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அங்கே விவசாயம் செய்தவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் எடுத்த முடிவு. விவசாயிகள் எதிர்த்தார்கள், மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள், போலீஸ் வந்தது, இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. 1978 மார்ச் 30-ல் திறப்பு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். நான்கு நாள் முன்னதாகப் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். மே 20-ஆம் தேதிதான் திறக்க முடிந்தது. நிலம் முழுசாகக் கிடைக்காததால் இரண்டாவது ஓடுபாதை 2002-ல்தான் வந்தது, அதுவும் திட்டமிட்ட நீளத்தைவிடக் குட்டையாக.

ஆக, கன்சாயைத் திட்டமிட்டவர்கள் முன்னால் இரண்டு எச்சரிக்கைப் பலகைகள். ஊருக்குள் வைத்தால் இடாமி. வயலைப் பிடுங்கினால் நரிடா. மிச்சம் இருந்தது கடல். கோபே நகருக்குப் பக்கத்துக் கடலும் பேச்சில் அடிபட்டது. 1970-களின் ஆரம்பத்தில் கோபே நகரம், எங்களுக்கு வேண்டாம் என்று கைகழுவியது. 1974-ல் ஒசாகாவுக்குத் தெற்கே சென்ஷு கடற்பகுதி சிபாரிசானது. கடல் என்றாலும் அதுவும் சும்மா கிடக்கிற இடமில்லை; அங்கே மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடு பேசி நஷ்டஈடு கொடுத்த பிறகுதான் 1987-ல் வேலை தொடங்கியது.

பின்னால் கோபேயே மனசு மாறி, கடலில் தனக்கென்று ஒரு தீவு போட்டு, 2006-ல் விமான நிலையம் திறந்தது. ஊர்களும் நம்மைப் போலத்தான், காலம் கடந்து ஆசைப்படும்!

பனீரும் களிமண்ணும்

இனி நம் துறைக்கு வருகிறேன். தீவு போட்ட இடத்தில் தண்ணீரின் ஆழம் சுமார் 18 மீட்டர். ஆறு மாடி. அது பெரிய பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே சுமார் 20 மீட்டருக்கு வெண்ணெய் மாதிரி மென்மையான களிமண். அதற்கும் கீழே இன்னும் பழைய களிமண்ணும் மணலும் மாறி மாறி, அடுக்கடுக்காக, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு. பாறை என்று காலை ஊன்ற எதுவும் பக்கத்தில் இல்லை.

பாரம் ஏற்றினால் களிமண் ஏன் இறங்குகிறது? வீட்டில் பனீர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். திரிந்த பாலைத் துணியில் கட்டி மேலே ஒரு கனத்தை வைத்தால் தண்ணீர் வடிய வடிய உள்ளே இருப்பது கெட்டியாகும், உயரமும் குறையும். களிமண்ணும் அதேதான். ஆனால் களிமண்ணின் துவாரங்கள் மகா சின்னவை. தண்ணீர் வெளியே வரக் காலம் பிடிக்கும். இதற்குக் கணக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கார்ல் டெர்சாகி, 1920-களில். நாம் மூன்றாம் வருடம் லேபில் பித்தளை வளையத்துக்குள் 2 சென்டிமீட்டர் களிமண்ணை வைத்து, எடை ஏற்றி, டயல் கேஜைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தோமே, ஒடோமீட்டர் சோதனை, அது அவர் கைங்கரியம்தான். பாதிப் பேர் நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு ரீடிங்கைப் பக்கத்து பேட்சிலிருந்து எடுத்துக்கொண்டது சாருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொன்ன அந்த ஒரே கணக்கு. தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. வர்க்கக் கணக்கு. லேபில் களிமண் 2 சென்டிமீட்டர். மேலும் கீழும் தண்ணீர் வடியும். ஆக, தூரம் 1 சென்டிமீட்டர். அதற்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்சாயில் களிமண் 20 மீட்டர். மேலும் கீழும் வடிந்தால் தூரம் 10 மீட்டர், அதாவது 1000 மடங்கு. நேரம்? 1000-ஐ 1000-ஆல் பெருக்குங்கள். 10 லட்சம் மணி நேரம். வருடத்தில் சொன்னால் சுமார் 114 வருடம்! விமானம் எப்போது இறங்குவது?

அதனால் களிமண்ணுக்குள் செங்குத்தாக மணல் தூண்களை இறக்கினார்கள். 40 சென்டிமீட்டர் விட்டம், இரண்டரை மீட்டருக்கு ஒன்று. தண்ணீர் இப்போது மேலே 10 மீட்டர் ஏற வேண்டாம். பக்கத்தில் இருக்கிற தூணுக்கு ஒன்றேகால் மீட்டர் நகர்ந்தால் போதும். தூரம் எட்டில் ஒன்று, நேரம் அறுபத்து நான்கில் ஒன்று. 114 வருடம் இரண்டு வருடத்துக்கும் குறைவாக இறங்கிவிட்டது. இது என் பாமரக் கணக்குதான். ஆனால் தத்துவம் இதுவே. முதல் தீவுக்கு மட்டும் இப்படிச் சுமார் 10 லட்சம் மணல் தூண்கள்.

அதன் மேல் சுற்றிலும் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டருக்குக் கடல் சுவர் எழுப்பி, உள்ளே 18 கோடி கன மீட்டர் மண்ணும் கல்லும் கொட்டினார்கள். நம்மூர் லாரி ஒன்றுக்கு 10 கன மீட்டர் என்றால் 1 கோடியே 80 லட்சம் லோடு. அக்கம்பக்கத்து மலைகளை வெட்டி, படகுகளில் கொண்டுவந்து கொட்டினார்கள். 510 ஹெக்டேரில் ஒரு புதுத் தீவு பிறந்தது.

எட்டாத ஆழம்

எல்லாம் சரி. ஆனால் களிமண் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா?

வீட்டு அஸ்திவாரம் போடும்போது, அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரைக்கும் மண்ணைப் பார் என்று படித்தோம். அதற்குக் கீழே பாரம் பரவி நீர்த்துப் போய்விடும். ஒன்றரை மீட்டர் அஸ்திவாரத்துக்கு மூன்று மீட்டர். தீவின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல்! அப்படியென்றால் பாரம் எங்கே போய் நீர்த்துப்போவது? ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 40 டன்னுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். முப்பது மாடிக் கட்டடங்களை இடைவெளியே இல்லாமல் 510 ஹெக்டேருக்கும் நெருக்கி நட்ட மாதிரி. மேலே இருக்கிற மென்களிமண் மட்டுமல்லாமல், ஆழத்தில் லட்சக்கணக்கான வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய களிமண்ணும் அமுங்க ஆரம்பித்தது. மணல் தூண் போடும் கப்பல்களுக்கு அந்த ஆழம் எட்டாது. நடுநடுவே இருக்கும் மணல் அடுக்குகள் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடாதா என்றால், அந்த அடுக்குகள் எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இல்லை.

வேலை நடக்கும்போதே, தீவு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்குவது அளவுகளில் தெரிந்தது. இங்கேதான் நான் அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். தெரிந்ததை மூடி மறைக்கவில்லை. கணக்கைத் திருத்தினார்கள், உயரத்தைக் கூட்டினார்கள், கூடுதல் மண் கொண்டுவந்தார்கள். 1993-ல் திறப்பதாக இருந்தது தள்ளிப்போனது. செலவு எகிறியது, முதல் கட்டத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கோடி யென். பத்திரிகைகளில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 1994 செப்டம்பர் 4-ஆம் தேதி விமான நிலையம் திறந்தது.

திறந்த அந்த வருடம் தீவு இறங்கிய வேகம் வருடத்துக்கு 50 சென்டிமீட்டர். இப்போது சுமார் 6 சென்டிமீட்டர். கட்டத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் முதல் தீவு சராசரியாக 13 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. அதாவது நாலு மாடி உயரம். 2007-ல் இரண்டாவது ஓடுபாதையோடு திறந்த இரண்டாம் தீவு இன்னும் ஆழமான இடத்தில் இருப்பது. அது 17 மீட்டருக்கு மேல் இறங்கி, இன்னும் வருடத்துக்கு 20 சென்டிமீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் முதல் தீவில் கற்ற பாடத்தால், இவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்த்தே இரண்டாவதை உயர்த்திக் கட்டினார்கள். "கன்சாய் மூழ்கப் போகிறது" என்று அவ்வப்போது செய்தி வரும். வேகம் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜாக்கி வைத்த கட்டடம்

இந்த நிலத்தின் மேல் கட்டிய முனையக் கட்டடம் ரென்சோ பியானோ என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் 1988-ல் போட்டியில் வென்ற வடிவம். நீளம் 1.7 கிலோமீட்டர். கூரை அலை போல வளைந்து ஓடும். ஆனாலும் கூரை மேல் பதித்த 82,000-க்கும் மேற்பட்ட எஃகுத் தகடுகளும் ஒரே அளவாக அமையும்படி அதன் வளைவைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் முக்கியப் பங்கு பீட்டர் ரைஸ் என்ற பொறியாளருடையது. கட்டடம் திறப்பதைப் பார்க்க அவர் இல்லை, 1992-ல் காலமாகிவிட்டார்.

எனக்கு அந்தக் கூரையைவிடப் பிடித்தது அடியில் இருக்கிற சங்கதி. நிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்கினால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. ஒரு மூலை அதிகமாகவும் இன்னொரு மூலை குறைவாகவும் இறங்கினால்தான் சுவர் வெடிக்கும், கதவு மூடாது. அதற்காகச் சுமார் 900 தூண்களின் அடியில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தூக்க வசதி செய்திருக்கிறார்கள். எந்தத் தூண் எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். வித்தியாசம் வந்தால் ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புத் தகடு சொருகிவிடுவார்கள். பஞ்சரான லாரிக்கு ஜாக்கி வைக்கிறோமே, அதே வேலை! ஒரு தடவை வேலை விஷயமாக அந்த வழியாகப் போனபோது தரையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு விரிசல், ஒரு சாய்வு என் கண்ணில் படவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவருக்கும் தாங்கள் இறங்கிக்கொண்டிருக்கும் நிலத்தில் நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. பொறியாளனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?

இரண்டு பரீட்சை

திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1995 ஜனவரி 17, அதிகாலை 5 மணி 46 நிமிடம். கோபே பூகம்பம். 6,400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தூக்கி நிறுத்திய நெடுஞ்சாலையே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த படத்தை நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறோம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருந்த கன்சாய் அதைத் தாக்குப்பிடித்தது. முதல் பரீட்சையில் பாஸ்.

இரண்டாவது பரீட்சை 2018 செப்டம்பர் 4. தேதியைக் கவனியுங்கள், திறந்து சரியாக 24 வருடம். ஜெபி என்ற புயல் ஒசாகா வளைகுடாவில் கடலையே தூக்கிக்கொண்டு வந்தது. அலைகள் கடல் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தன. முதல் தீவின் ஓடுபாதை குளமாயிற்று. முனையத்தின் அடித்தளத்தில் இருந்த மின் சாதனங்கள் தண்ணீரில் மூழ்கி, கரண்ட் போயிற்று. போதாக்குறைக்கு, காற்றில் இழுபட்டு வந்த ஒரு எண்ணெய்க் கப்பல், தீவையும் கரையையும் இணைக்கும் 3.75 கிலோமீட்டர் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் ராத்திரி முழுக்கத் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். இரண்டாம் தீவின் ஓடுபாதை பிழைத்திருந்ததால் மூன்று நாளில் விமானங்கள் ஓரளவு பறக்கத் தொடங்கின. பாலத்தின் சாலை முழுசாகச் சரியானது 2019 ஏப்ரலில்தான்.

இதில் எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் செய்தி இருக்கிறது. நாங்கள் சிவில்காரர்கள் ஆழத்துக் களிமண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சுவிட்ச் கியரை அடித்தளத்தில் வைத்தால் தண்ணீர் வரும் என்பது சாதாரண விஷயம், அதுதான் காலை வாரியது. அதன் பிறகு கடல் சுவரை உயர்த்தினார்கள், ஓடுபாதையை உயர்த்தினார்கள், மின் சாதனங்களுக்குத் தண்ணீர் புகாத பாதுகாப்புச் செய்தார்கள். இறங்குகிற தீவில் சுவர் ஒரு தடவை கட்டி முடிக்கிற சமாசாரம் இல்லை, திரும்பத் திரும்ப உயர்த்த வேண்டியது என்பதை ஜெபி ஞாபகப்படுத்திவிட்டுப் போனது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தீவு போட்ட கடன் அந்த விமான நிலையத்தின் கழுத்தை வருடக்கணக்கில் நெரித்தது. 2012-ல், எந்த இடாமியிலிருந்து தப்பித்துக் கடலுக்குப் போனார்களோ, அந்த இடாமியோடு சேர்த்து ஒரே நிர்வாகமாக்கினார்கள். 2016-லிருந்து தனியார் கூட்டு நிறுவனம் ஒன்று 44 வருட ஒப்பந்தத்தில் இரண்டையும் நடத்துகிறது. 2018-லிருந்து கோபேயும் அதே நிர்வாகத்தில்.

நமக்கு என்ன?

அளவுகளுக்கு மரியாதை கொடு, இதுதான் எனக்குக் கன்சாய் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பொறியாளர்களின் முதல் கணிப்பு பலிக்கவில்லை. ஆனாலும் நிலையம் நிற்கிறது. காரணம், கணிப்போடு நிறுத்தாமல் அளந்தார்கள். 1994-லும் அளந்தார்கள், இன்றைக்கும் அளக்கிறார்கள், தீவு எவ்வளவு இறங்கியது என்று ஊரறிய வெளியிடுகிறார்கள்.

நம் பக்கம் எப்படி? என் அனுபவம் ஒன்று சொல்கிறேன், பெயர் வேண்டாம். மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் ஒரு சரக்கு யார்டு. செட்டில்மெண்ட் எவ்வளவு என்று கேட்டார்கள். மண் சோதனை பார்த்து, 45 சென்டிமீட்டரிலிருந்து 80 வரை போகலாம், 20 இடத்தில் பாயிண்ட் வைத்து மாதாமாதம் அளப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். "இந்த ரேஞ்ச் எல்லாம் வேண்டாம் சார், ஒரே நம்பரா போட்டுக் கொடுங்க" என்றார் அந்த அதிகாரி. முடியாது என்றேன். வேலை வேறொருவருக்குப் போனது. அவர் 30 என்று ஒரே நம்பராக எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து அங்கே வேலை பார்க்கிற நம் ஜூனியர் பையனைப் பார்த்தேன். "எவ்வளவுப்பா இறங்கியிருக்கு?" என்றேன். "தெரியலைண்ணா, அளக்கிற பாயிண்டே வைக்கலை. மழை பெஞ்சா நடுவில தண்ணி நிக்குது" என்றான். மேலே கன்டெய்னர்களை அடுக்கும் கிரேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆளை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிடமும் யாராவது ஒரே நம்பர் கேட்பார்கள். சம்பளம் கொடுக்கிறவராகவே இருப்பார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். மிச்சத்துக்கு அளக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஏற்பாட்டுக்குக் காசு கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடுதிக்குப் பின்னால் குட்டையாக இருந்த இடத்தைத் தூர்த்துப் புதுக் கட்டடம் வரப் போகிறது என்று முதல்வர் அவர்கள் காலையில் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சி. அந்தக் கட்டடத்தின் தூண்களில் பன்னிரண்டு இடத்தில் பித்தளை ஆணி பதித்து, தொலைவில் கெட்டியான தரையில் ஒரு பெஞ்ச் மார்க் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூன்றாம் வருட மாணவர்கள் லெவல் எடுத்து ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். கருவி நம் சர்வே லேபிலேயே இருக்கிறது. ஆணிக்கும், பெஞ்ச் மார்க்குக்கும், நல்ல தடிமனான அட்டை போட்ட பதிவேட்டுக்கும் ஆகிற செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. பின் வரிசையில் தலையாட்டுகிறார்கள், அனைவரும் சாட்சி! துறைத் தலைவர் அவர்கள் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். அடுத்த ஒன்றுகூடலில், சாப்பாட்டுக்கு முன்னால், முதல் ரீடிங்கை ஒரு மாணவரோ மாணவியோ இந்த மேடையில் வந்து வாசிக்கட்டும்.